மண்ணெண்ணெய் டப்பாவைக் கீழே வையுங்கள்

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்துத்தான் முப்பத்தோரு ஆண்டுகளாகச் சோறு தின்கிறேன். ராயப்பேட்டையில், இரண்டு சைக்கிள்கள் எதிரெதிரே வந்தால் ஒருவர் இறங்கித் தள்ளவேண்டிய சந்து ஒன்றில் சின்னதாக ஓர் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். ஆஃப்செட் அச்சு நடப்பதே இந்த ஒட்டாமையால்தான். பிளேட்டில் எழுத்து இருக்கும் இடம் எண்ணெய் மையைப் பிடித்துக்கொள்ளும்; எழுத்து இல்லாத இடம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மையை அண்டவிடாது. 1796ஆம் ஆண்டுவாக்கில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கல்லின் மேல் கண்டுபிடித்த சூட்சுமம், இன்றைக்கு என் கடையில் அலுமினியத் தகட்டின் மேல் கல்யாணப் பத்திரிகையாக ஓடுகிறது. இவ்வளவும் தெரிந்த நான், ஒரு பூனையின் முதுகில் ஆயில் கொட்டியபோது முதலில் செய்யப்போன காரியம் என்ன என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பூனையின் பெயர் மசி. உடம்பெல்லாம் வெள்ளை, நெற்றியில் மட்டும் யாரோ பேனாவை உதறியதுபோல் ஒரு கறுப்புச் சொட்டு. காகிதக் கட்டுகளைக் கடித்துவைக்கும் எலிகளுக்கு எமனாக இருக்கட்டும் என்று குட்டியாக இருக்கும்போதே சேர்த்துக்கொண்டோம். எலிகளோடு அது ஏதோ சமாதான உடன்படிக்கை செய்துகொண்டுவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

அது நவம்பர் மாதம். காலண்டர் சீசன். மெஷின் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியே விடாத மழை. மழைக்காலத்தில் தெருப்பூனைகளும் வீட்டுப்பூனைகளும் சூடு தேடி, அப்போதுதான் ஓடி நின்ற வண்டிகளுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எங்கள் கடைக்கு அடுத்தது ஒரு பைக் மெக்கானிக் கடை. மெக்கானிக் தம்பி ஒரு வண்டியின் பழைய ஆயிலை, பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேனில் வடித்து ஓரமாக வைத்திருந்தார். சந்தில் ஏதோ ஒரு நாய் துரத்தியிருக்கிறது. மசி வண்டிக்கு அடியில் பாய்ந்ததில் கேன் கவிழ்ந்து, முதுகிலிருந்து வால் வரை ஆயில் அபிஷேகம்.

“அண்ணே, மசி முழுக்கக் கறுப்பாகிவிட்டது” என்று மெஷின்மேன் கத்தியபோது ஏழரை மணி இருக்கும். வாசலில் நின்றுகொண்டிருந்தது. வெள்ளை ரோமம் கொத்துக்கொத்தாகத் திரித்த திரிபோல் ஒட்டிப்போய், ஒவ்வொரு திரியின் நுனியிலிருந்தும் கறுப்பாகச் சொட்டியது. என்னைப் பார்த்ததும் உட்கார்ந்து, நிதானமாக, இடது தொடையை நக்க ஆரம்பித்தது.

அச்சகத்துக்காரன் கையில் மை ஒட்டினால் என்ன செய்வான்? மண்ணெண்ணெயில் ஒரு துணியை நனைத்துத் துடைப்பான். ரோலர் கழுவத் தனியாகத் திரவங்கள் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. இருந்தாலும் என் மேசைக்கடியில் ஒரு டப்பா மண்ணெண்ணெய் எப்போதும் இருக்கும். என் கை தானாக அங்கே போனது. மூடியைத் திறந்து, துணியில் ஊற்றவே ஆரம்பித்துவிட்டேன். மாடியில்தான் வீடு. காபியோடு இறங்கிவந்த என் மனைவி பாதிப் படியில் நின்றபடியே சொன்னாள்: “என்னங்க, முதலில் அந்த மண்ணெண்ணெய் டப்பாவைக் கீழே வையுங்கள். அது நக்குமே.”

நக்குமே. அந்த ஒரு சொல் எனக்குத் தோன்றவில்லை. நாம் கையைத் துடைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறோம். பூனைக்குக் கையும் துண்டும் சோப்பும் எல்லாமே நாக்குதான். அந்த நாக்கில் இருக்கும் முட்கள் தொண்டைப் பக்கமாக வளைந்தவை; ஒருமுறை நக்கி எடுத்ததை அது துப்புவதில்லை, விழுங்கித்தான் ஆகவேண்டும். ரோமத்தில் எதைப் பூசினாலும் அதைப் பூனைக்கு ஊட்டியதாகவே கணக்கு.

எங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன எண்ணெய் என்பது. இரண்டாவது, நக்கிவிட்டதா என்பது. பழைய என்ஜின் ஆயில் என்றேன். ஏழெட்டு நக்கு நக்கியிருக்கும் என்றேன். இருமுகிறதா, எச்சில் ஒழுகுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை என்றதும்தான் அவர் குரல் கொஞ்சம் இளகியது.

பிறகு அவர் சொன்னதில் பாதி, ‘செய்யாதே’ பட்டியல். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர், முட்டை, பால் என்று எதையும் வாயில் ஊற்றக் கூடாது. என்ஜின் ஆயிலோ டீசலோ மண்ணெண்ணெயோ வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் ஆபத்து. வாந்தி எடுக்கும்போதுதான் அது மூச்சுக்குழாய்க்குள் நழுவும். எண்ணெய் எவ்வளவு மெலிதோ அவ்வளவு எளிதாக நழுவும். ரோலர் பேரிங்கில் எந்த எண்ணெய் உள்ளே வரை போகும், எது மேலேயே நிற்கும் என்று முப்பது வருடமாகப் பார்த்தவனுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கெட்டியான ஆயிலை எடுப்பதற்காக, அதைவிடப் பல மடங்கு மெலிதான மண்ணெண்ணெயை அதன் மேல் ஊற்றப்போயிருக்கிறேன். அதோடு மண்ணெண்ணெய், பெட்ரோல், டர்பன்டைன், தின்னர் ஆகியவை தோலையும் புண்ணாக்கும். ரோமத்துக்கு அடியில் இருப்பது நம் தோலைவிட மெல்லிய தோல்.

“முதலில் நக்குவதை நிறுத்துங்கள், சார். கழுவுவதெல்லாம் அப்புறம்” என்றார்.

மருத்துவமனைகளில் பூனையின் கழுத்தில் கூம்புபோல் ஒன்றை மாட்டிவிடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அதற்கு எங்கே போவது? ஆனால் அச்சகத்தில் அட்டைக்குப் பஞ்சமா? 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டில் ஒரு வட்டம் வெட்டி, அதில் ஒரு கால்பங்கை நீக்கி, நடுவில் கழுத்துக்கு ஓட்டை போட்டு, விளிம்பில் துணி ஒட்டிக் கூம்பாகச் சுருட்டி மாட்டினோம். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் கழுத்தில் இடம் விட்டோம். மசி எங்களைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அட்டை பத்து நிமிடத்தில் ஆயிலில் ஊறித் தொய்ந்தது, இன்னொன்று வெட்டினோம். அட்டையும் இல்லாத வீட்டில், பழைய துண்டில் தலை மட்டும் வெளியே தெரியும்படி இறுக்கமாகச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாலே போதும்.

அடுத்தது தண்ணீர்தானே என்று குழாயைத் திறக்கப் போனேன். “அடுப்படியில் எண்ணெய் கொட்டினால் தண்ணீரா ஊற்றுவோம்?” என்றாள் மனைவி. ஊற்றமாட்டோம். மாவைத் தூவி, அது உறிஞ்சியபின் அள்ளுவோம். தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் வீடு முழுக்கப் பரவும். பூனையின் ரோமத்திலும் அதே கதைதான்: தண்ணீர் பட்டதும் எண்ணெய் அடிரோமத்துக்குள் இறங்கி, அதுவரை எண்ணெய் படாத இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது கரையில் கெட்டியாக ஒதுங்கிய எண்ணெயை இளைஞர்கள் வாளி வாளியாகக் கையால் அள்ளியது நினைவிருக்கும். எவ்வளவு பெரிய கடலோ, எவ்வளவு சின்னப் பூனையோ, முதல் வேலை அள்ளுவதுதான்.

எங்களிடம் பனியன் வேஸ்ட் மூட்டையாகக் கிடந்தது. திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் வெட்டுத் துணி. சென்னையில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இருக்கும். எண்ணெயை உறிஞ்ச அதைவிட நல்ல துணி கிடையாது. தேய்க்காமல், ரோமம் படிந்திருக்கும் திசையிலேயே ஒற்றி உருவினோம். முதல் துணி ஒரே இழுப்பில் கறுத்தது. ஒவ்வொரு துணியையும் ஒருமுறை மட்டும். அழுக்கான பக்கத்தைத் திருப்பிப் போட்டால் எடுத்ததையே மறுபடி பூசுவோம். நாற்பது துணிக்கு மேல் போயிருக்கும். எல்லாரும் கையுறை போட்டிருந்தோம். பழைய ஆயில் நம் தோலுக்கும் ஆகாத பொருள்தான்.

அதன் பிறகு மாவு. காலிஃபிளவர் வறுவலுக்காக வாங்கிய சோள மாவு, அதாவது கார்ன்ஃப்ளோர், அரைப் பாக்கெட் வீட்டில் இருந்தது. வெள்ளையாக, நைசாக, விரலுக்கிடையில் நறநறக்குமே, அந்த மாவு. கடலை மாவும் ஆகும். ஆனால் கட்டி கட்டியாகப் பிடித்துக்கொள்ளும், எடுப்பது பெரும்பாடு. முகப் பவுடர் கூடாது. அது பறக்கும், மூச்சில் ஏறும். மாவையே உயரத்திலிருந்து தூவாமல், கையில் அள்ளி ரோமத்தின் மேல் வைத்து அழுத்தினோம். முகத்துப் பக்கம் மாவே கொண்டுபோகவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். அன்றைக்கு நான் மெய்மறந்து பார்த்தது இதைத்தான். மாவு வைத்ததும் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. விரல் நுனியால் ரோமத்துக்குள் மெல்லப் பிசைந்துகொண்டே இருந்தேன். இரண்டு மூன்று நிமிடத்தில் வெள்ளை மாவு சாம்பல் நிறமானது. பிறகு ஈரச் சிமெண்ட் நிறம். பிறகு விரலுக்கிடையில் எள்ளுருண்டைபோல் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டது. ஒரு உருண்டையை எடுத்துக் காகிதத்தில் வைத்து அழுத்தினால் சுற்றிலும் எண்ணெய் வட்டம் படர்ந்தது. கால்மணி நேரம் விட்டு, பேன் சீப்பால் மேலிருந்து கீழாக வாரினால் உருண்டைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. முதல் சுற்றில் விழுந்தவை கறுப்பு. இரண்டாம் சுற்றில் சாம்பல். மூன்றாம் சுற்றில் அழுக்கு வெள்ளை. மாவு நிறம் மாறுவது நின்றதும், உலர்ந்த முறையில் எடுக்க முடிந்ததெல்லாம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குள் ஒன்றரை மணி நேரம் ஓடியிருந்தது. மெஷின் நின்றுபோயிருந்தது. காலண்டர் வாடிக்கையாளர் இரண்டு முறை போன் செய்திருந்தார். எடுக்கவில்லை.

தண்ணீர் அப்போதுதான் வந்தது. நம் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம்தான் கூட. மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பார்த்தால் சுடவும் கூடாது, குளிரவும் கூடாது, கைக்குழந்தைக்குப் பார்ப்பதுபோல. சூடான தண்ணீர்தான் எண்ணெயை எடுக்கும் என்று அவசரப்பட்டால் தோல் வெந்துபோகும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டியை ஒரு செம்பு வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்துகொண்டோம். வாசனை குறைவான, நிறம் போடாத திரவமாக இருந்தால் நல்லது. பாத்திரம் துலக்கும் கட்டி சோப்பு வேண்டாம். அதில் அரைத்துத் தேய்க்கும் கல் பொடியும் காரமும் இருக்கும். நம் ஷாம்பு? சாதாரண அழுக்குக்கே அது பூனைக்கும் நாய்க்கும் ஏற்றதில்லை, இந்த ஆயிலுக்கு முன்னால் ஒன்றும் செய்யாது. பிராணிகளுக்கான ஷாம்பு கடைசி அலசலுக்குத்தான்.

அப்போதும் ஒரு தவறு செய்தேன். பெரிய டப்பில் தண்ணீர் நிரப்பி மசியை அதில் இறக்கலாம் என்று ஏற்பாடு செய்துவிட்டேன். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று ஆரம்பத்தில் பெருமையாகச் சொன்னேன் அல்லவா? பிரிந்த எண்ணெய் எங்கே போகும்? தண்ணீரின் மேல் மிதக்கும். பூனையை வெளியே தூக்கும்போது அந்தப் படலத்தின் வழியாகத்தான் தூக்கவேண்டும். கழுவியதெல்லாம் கடைசி நொடியில் திரும்பவும் ஒட்டிக்கொள்ளும். முதல் முறை அப்படியே நடந்தது. டப்பைக் கவிழ்த்துவிட்டுச் செம்பால் ஊற்றினோம், கழுத்திலிருந்து வாலை நோக்கி, தண்ணீர் ஓடி வெளியேறும்படி. கழுத்தைச் சுற்றி முதலில் ஒரு நுரை வளையம் போட்டுக்கொண்டால் எண்ணெய் முகத்துப் பக்கம் ஏறாது. முகத்தை நனைத்த துணியால் மட்டும் துடைத்தோம். காதில் பஞ்சு.

நுரைதான் அளவுகோல். முதல் கழுவலில் நுரையே வரவில்லை. வந்ததும் செத்துப் பழுப்புத் தண்ணீராக ஓடியது. எண்ணெய் இருக்கும் வரை நுரை நிற்காது. இரண்டாம் கழுவலில் கொஞ்சம் எழுந்து அமுங்கியது. மூன்றாவதில் வெள்ளையாக எழுந்து, அப்படியே நின்றது. அலசியபின் ரோமத்தை இரண்டு விரலால் உருவினால் கழுவிய எவர்சில்வர்த் தட்டுபோல் கீச்சென்றது. அத்தோடு நிறுத்திவிட வேண்டும். லேசாகப் பழுப்பு நிறம் தெரிகிறதே என்று நான்காவது, ஐந்தாவது முறை கழுவினால் தோலின் சொந்த எண்ணெயும் போய்ச் சொறிய ஆரம்பிக்கும். ஆனால் அலசுவதில் மட்டும் சிக்கனம் கூடாது. தங்கிய சோப்பையும் அது நக்கத்தான் போகிறது.

கழுவிய பூனை நடுங்கும். நனைந்த ரோமம் சூட்டைத் தாங்கிவைக்காது. மின்விசிறியை அணைத்து, இரண்டு துண்டு மாற்றி, புரூஃப் பார்க்கும் மேசை விளக்கின் பக்கத்தில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முடி உலர்த்தும் கருவியின் சத்தத்துக்கு மசி என் முன்னங்கையில் நான்கு கோடு கிழித்தது. அதை ஓரம் வைத்துவிட்டேன். பதினொன்றரை மணிக்கு அது பழையபடி வெள்ளையாக, பஞ்சு மிட்டாய்போல் புசுபுசுவென்று, தீராத கோபத்தோடு தூங்கியது. கூம்பைக் கழற்றவில்லை.

எண்ணெய்த் துணிகளைக் குவியலாக மூலையில் போட்டுவிட்டுத் தூங்கப்போகாதீர்கள். ஆளி விதை எண்ணெய் கலந்த மையையோ வார்னிஷையோ துடைத்த துணிக்குவியல் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். அச்சகங்களில் இது பாலபாடம். ஆயில் துணி அப்படிப் பற்றாது என்றாலும், பூனை திரும்பி வந்து அதன்மேல்தான் படுக்கும்.

காலையில் ஆட்டோ பிடித்து வேப்பேரிக்குப் போனோம். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. அதன் மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளாடு, இரண்டு நாட்டு நாய்கள், சிறகில் கட்டுப்போட்ட ஒரு புறா. நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வீண் அலைச்சல் என்று நான் முனகிக்கொண்டே வந்தேன். மருத்துவர் மசியின் ஈறுகளைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். நுரையீரலுக்குள் எண்ணெய் போயிருந்தால் உடனே தெரியாதாம். ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூடக் காய்ச்சல், வேகமான மூச்சு, சாப்பாட்டை மறுப்பது என்று வெளிப்படுமாம். தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதிவைக்கச் சொன்னார். முப்பதைத் தாண்டிக்கொண்டே போனால் உடனே வரவேண்டும். மூன்று நாட்கள் எண்ணினேன். இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் நின்றது.

அங்கேதான் இன்னொன்று தெரிந்துகொண்டேன். பூனையின் மேல் சிந்தியது என்ஜின் ஆயிலா, கூலன்டா என்பது உயிர்போகும் வித்தியாசம். ரேடியேட்டரில் ஊற்றும் பச்சையோ சிவப்போ ஆன கூலன்ட், எத்திலீன் கிளைக்கால் கலந்தது, இனிப்பாக இருக்கும். ஒரு தேக்கரண்டி உள்ளே போனாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும். அதற்கு மாவும் நுரையும் உதவாது. நக்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வீட்டில் கழுவிக்கொண்டிருக்காமல் ஓடவேண்டும். முதல் மூன்று மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால்தான் பிழைக்க வழி.

இந்தக் கதை சந்து முழுக்கப் பரவியதில் நான் ஏதோ நிபுணன் ஆகிவிட்டேன். எதிர்வீட்டு மாமி தன் லாப்ரடாரை இழுத்துக்கொண்டு வந்தார். புதிதாகப் போட்ட தார்ச்சாலையில் நடந்து, நான்கு பாதங்களிலும் விரலிடுக்கில் தார். தாரை மாவு எடுக்காது, சோப்பு எடுக்காது. சமையல் எண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் இளகும். துடைத்துவிட்டு, அந்த எண்ணெயை மாவாலும் சோப்பாலும் எடுக்கவேண்டும். விரலிடுக்கில் கல்லாக இறுகிய ஒன்றை மட்டும் ரோமத்தோடு கத்தரித்தோம். இழுத்துப் பிய்க்கவில்லை.

அதே சூத்திரம் எனக்கே திரும்ப வந்தது, அவமானத்தோடு. மசியை நம்பிப் பயனில்லை என்று காகித அறையில் எலிப் பசை அட்டை ஒன்றை வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் அதில் ஒட்டிக்கொண்டு கத்தியது எலி இல்லை, ஐந்து வாரம்கூட ஆகாத ஒரு தெருப்பூனைக் குட்டி. வயிறும் இரண்டு காலும் அட்டையோடு. மெஷின்மேன் ஸ்டிக்கர் பசை எடுக்க வைத்திருந்த நீலகிரித் தைலத்தைக் கொண்டு ஓடிவந்தார். நல்லவேளை, இந்த முறை நான் தடுத்தேன். தைலங்கள் பூனைக்கு விஷம். நம் ஈரலும் நாயின் ஈரலும் உடைத்து வெளியேற்றிவிடும் பல பொருட்களைப் பூனையின் ஈரலால் சரியாக உடைக்க முடியாது. நீலகிரித் தைலம், கற்பூரம், டீ ட்ரீ ஆயில், டெட்டால், கறுப்பு பினாயில் எல்லாம் அதில் சேர்த்தி. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனையைக் கொல்வதும் இதனால்தான்.

அட்டையின் காலி இடத்தில் செய்தித்தாளை ஒட்டி மூடிவிட்டு, குட்டி உதறும்போது மேலும் ஒட்டாமல் பார்த்துக்கொண்டு, பஞ்சில் சூரியகாந்தி எண்ணெய் தொட்டு ஓரத்திலிருந்து உள்நோக்கித் தடவினேன். பசை நூல்நூலாக இழுத்து, பிறகு வழுக்கிக்கொடுத்தது. அரைமணி நேரம். அந்த வயதுக் குட்டியை நனைத்தால் குளிரிலேயே செத்துவிடும். அதனால் மாவால் எடுத்ததோடு சரி, வயிற்றில் மட்டும் ஈரத்துணியால் துடைத்து, துணிக்குள் வெந்நீர்ப் பாட்டிலை வைத்து அதன் மேல் படுக்கவைத்தோம். அட்டையை அன்றைக்கே எறிந்தேன். எலிகள் தின்பதை இப்போது கழிவுக் காகிதக் கணக்கில் எழுதிவிடுகிறேன்.

என் அம்மா ஒரு யோசனை வைத்திருந்தார்: சீயக்காய். சனிக்கிழமை தோறும் எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்த குடும்பம். எண்ணெயை எடுக்க நமக்கா சொல்லித்தர வேண்டும் என்பது அவர் கட்சி. சின்ன வயதில் கண்ணில் சீயக்காய் விழுந்து நான் போட்ட கூச்சலை நினைவுபடுத்தினேன். “நீ தலையைக் குனியமாட்டாய்” என்றார். மசியும் குனியாது, அம்மா. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: உண்ணி போகட்டும் என்று வேப்பெண்ணெயை வழிய வழியப் பூசுகிறவர்கள் பலரை எனக்குத் தெரியும். அதுவும் நக்கப்படும், பூசியவுடன் பூனை எச்சில் ஒழுக்கினால் கழுவி எடுக்க வேண்டியதுதான்.

சமையல் எண்ணெய் விஷமில்லை என்று அலட்சியமாகவும் இருக்க முடியாது. தீபாவளிக்கு அடுத்த நாள் ஆறிய பலகார எண்ணெய்ச் சட்டியில் தலையை விட்ட நாய் ஒன்று, ரோமத்தில் ஒட்டியதையும் சேர்த்து நக்கி இரண்டு நாள் வாந்தியும் கழிச்சலுமாகக் கிடந்தது. கணையம் வீங்கிவிட்டது என்றார்கள். கொதிக்கிற எண்ணெய் தெறித்தால் அது வேறு கதை. அப்போது மாவும் இல்லை, துடைப்பதும் இல்லை. குழாய்த் தண்ணீரைப் பத்து இருபது நிமிடம் ஓடவிட்டு, ஐஸ் வைக்காமல், நெய்யோ மையோ பூசாமல், ஈரத்துணி மூடி மருத்துவமனை.

பறவைகளை மட்டும் நாமாகக் கழுவ இறங்கக் கூடாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் இறகெல்லாம் பழுப்பேறி நின்ற படங்களைப் பார்த்து என் மனைவி, “நம்மால் முடியாதா?” என்றாள். இறகின் நீர் புகாத அடுக்கு குலைந்தால் பறவை குளிரிலும் பயத்திலுமே செத்துவிடும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அட்டைப்பெட்டியில் இருட்டாக, கதகதப்பாக வைத்திருப்பதே நம் வேலை.

மெக்கானிக் தம்பி மறுநாளே வந்து, “என் தவறுதான், அண்ணே” என்றார். சந்துக்குள் கடை வைத்திருப்பவன் கேனை எங்கேதான் வைப்பான்? போன வருட முருகன் காலண்டர் அச்சடித்த பழைய அலுமினிய பிளேட் ஒன்றை எடுத்து, ஓரங்களை மடித்து, அவருடைய ஆயில் கேனுக்கு மூடி செய்துகொடுத்தேன். வடித்த சூட்டில் தகடு இதமாக இருக்கும்போலிருக்கிறது. மழை பெய்யும் மாலைகளில் மசி அதன் மேல்தான், வேலும் மயிலும் மறையும்படி, நெற்றிச் சொட்டை வாலுக்குள் புதைத்துக்கொண்டு தூங்குகிறது.